பெட்டி இங்கே, கார்டு அங்கே

பாக்தாத், பத்தாவீன்
9 அக்டோபர் 1997

லமியா,

நீ அம்மான் போய்ச் சேர்ந்ததாக டிரைவர் அபூ முஹன்னத் வந்து சொன்னார். சந்தோஷம். குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு போ. மரியாதை இவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன், ஸ்கோப் பெட்டியையும் போட்டேன். பெட்டியில் விளக்கு எரிகிறது, திரையில் ஒரு கோடு கூட இல்லை. கார்டைக் காணோம் என்று புரோகிராம் சொல்கிறது. இதற்கு வேறு வேலை இல்லை, கேபிள் தளர்ந்திருக்கும் என்று மேசைக்குப் பின்னால் குனிந்தால், கேபிள் அந்தரத்தில் தொங்குகிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்லாட் காலி! கழற்றிய திருகுகளை எல்லாம் ஒழுங்காகத் திரும்ப முடுக்கியிருக்கிறது. எந்தத் திருடன் இத்தனை அக்கறையாக முடுக்கிவிட்டுப் போவான்? உன் கைதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மறந்துபோயிருப்பாய், நினைவுபடுத்துகிறேன். அந்த ஜெர்மன்காரர் வேலை முடிந்து ஊர் திரும்பியபோது இதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினோம். பெட்டி வெளியே மின்சாரத்தைப் பிடிக்கும், உள்ளே இருக்கும் கார்டு அதை எண்ணாக மாற்றும், கம்ப்யூட்டர் அதைப் பச்சை அலையாக வரையும். கார்டு இல்லாத பெட்டியை நான் என்ன செய்ய? மேலே பூந்தொட்டி வைக்கவா?

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தைகளின் இன்குபேட்டர் ஒன்று வந்து மேசையில் கிடக்கிறது. அலையைப் பார்க்காமல் அதில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. இந்தப் பொருளாதாரத் தடைக் காலத்தில் பென்சிலே எல்லை தாண்டி வர மாட்டேன் என்கிறது, வேறு ஸ்கோப்புக்கு எங்கே போவேன்? அபூ முஹன்னத் வெள்ளிக்கிழமை அங்கிருந்து கிளம்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்பு.

கடிதத்தை ஒட்டாமல்தான் தர வேண்டுமாம், எல்லையில் பிரித்துப் பார்ப்பார்களாம். அதனால் உன்னைத் திட்ட நினைத்ததில் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன். மீதியை நீயே நிரப்பிக்கொள்.

விதாத்

*

அம்மான், ஹாஷ்மி
28 அக்டோபர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

கார்டு என்னிடம்தான் இருக்கிறது. கம்பளிக் காலுறைக்குள் சுற்றி, தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். விற்றுவிடுவேன் என்று பயப்படாதே. விற்கவா எடுத்து வந்தேன்?

நீ கடையை மூட வேண்டும் என்றுதான் எடுத்து வந்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான். "வா அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து போயிடலாம்"னு எத்தனை மாதம் உன் பின்னாலேயே அலைந்தேன்! ஒவ்வொரு தடவையும் என்ன சொன்னாய்? "இந்த வேலை முடியட்டும்டீ." ஒரு ரேடியோ முடிந்தால் ஒரு டி.வி. வரும், அது முடிந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் வருவார்கள். உனக்கு வேலை எப்போது முடியும்? அந்தப் பெட்டி வேலை செய்கிறவரை நீ அந்த முன்னறையை விட்டு எழுந்திருக்கமாட்டாய். அதனால்தான், கிளம்பிய அன்று காலையில் நீ ரேஷன் மாவு வாங்கப் போயிருந்தபோது மூடியைக் கழற்றினேன். அழுதுகொண்டேதான் கழற்றினேன், ஒரு திருகு கீழே விழுந்து தேடித் தேடி எடுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கார்டு வேண்டுமென்றால் நீயே வந்து எடுத்துக்கொள். எனக்குத் தேடியது போல உனக்கு ஆண் துணை தேட வேண்டாம், உன் வயதுப் பெண்களைத் தனியாகவே எல்லை தாண்ட விடுவார்கள்.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. டிஷ் ரிசீவர் பழுது பார்க்கும் கடையில் வேலை. முதலாளி "எஞ்சினியரம்மா"ன்னுதான் கூப்பிடுகிறார். அறை வெதுவெதுப்பாக இருக்கிறது. உனக்கும் ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

உன்
லமியா

*

பாக்தாத்
2 டிசம்பர் 1997

லமியா,

நீ எழுதியது எனக்குத் தெரியும் முன்னால் ஒரு கார் முழுக்கத் தெரிந்துவிட்டது. சந்தோஷமா?

அபூ முஹன்னத்துக்குக் கண்ணாடி உடைந்துவிட்டதாம். எல்லையில் "என்ன எழுதியிருக்கு?"ன்னு கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று, யாராவது ஒரு பயணியிடம் கொடுத்து எல்லாக் கடிதத்தையும் சத்தமாகப் படிக்கச் சொல்கிறாராம். நம் கடிதத்தைப் படித்தது கர்ராதாவில் இருக்கும் பஹீஜா என்கிற டீச்சர். ரிட்டயர் ஆனவள், குரல் கணீரென்று இருக்கிறது. மகனைப் பார்க்க அடிக்கடி அம்மான் போய் வருகிறாளாம். வந்து இறங்கிய மறுநாளே வீட்டைத் தேடிப்பிடித்துக் கதவைத் தட்டினாள்.

"நீங்கதான் விதாத்தா? கார்டைத் தூக்கிட்டுப் போனாளே, அந்தத் தங்கச்சியோட அக்கா?"

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் பாட்டுக்கு உள்ளே வந்து உட்கார்ந்து, தேநீர் குடித்து, "கார்ல நாங்க அஞ்சு பேரு. மூணு பேரு உங்க பக்கம், ரெண்டு பேரு தங்கச்சி பக்கம். டிரைவர் யார் பக்கமும் இல்ல, அவருக்குக் கதை முடிஞ்சிடக் கூடாதுன்னு இருக்கு" என்றாள். எப்படி இருக்கிறது நம் பிழைப்பு, பார்!

நான் வரவில்லை. இங்கே எனக்கு என் மேசை இருக்கிறது, என் நாற்காலி இருக்கிறது. அங்கே வந்து யார் வீட்டு விருந்தாளியாக உட்காருவது? எனக்கு என்ன தெரியும், பழுது பார்ப்பதைத் தவிர? அதைச் செய்ய விடாமல் என் கையை வெட்டி எடுத்துக்கொண்டு போய்த் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "வா அக்கா" என்கிறாய். கல் நெஞ்சுக்காரி.

உன் கார்டு இல்லாமலே சமாளிக்கிறேன். இன்குபேட்டர் வேலையும் போய்க்கொண்டிருக்கிறது. பெட்டியின் கேபிளைக் கம்ப்யூட்டரின் பிரிண்டர் துளையில் செருகிப் பார்த்திருப்பேன் என்று நினைக்காதே. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றில் மற்றதைச் செருகினால் எரிந்துபோகும் என்பது எனக்குத் தெரியாதா? நான் என்ன முட்டாளா?

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது.

விதாத்

*

அம்மான்
6 ஜனவரி 1998

அக்கா,

நோன்பு நல்லபடியாகப் போகிறது. இங்கே எல்லாம் நலம். கட்டில் போடும் இடம் அப்படியே இருக்கிறது.

லமியா

*

பாக்தாத்
1 பிப்ரவரி 1998

லமியா,

பெருநாளுக்குச் செய்த கிலெய்ச்சா கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். பேரீச்சம்பழம் போட்டது மட்டும். எல்லையைத் தாண்டும்போது டிரைவர் பாதியைத் தின்றிருப்பார், மீதியை எண்ணிச் சண்டை போடாதே. இங்கே எல்லாம் நலம்.

விதாத்

*

அம்மான்
24 பிப்ரவரி 1998

அக்கா,

போன மூன்று வாரம் எப்படிப் போனது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. போர் வரப்போகிறது, வரப்போகிறது என்று இங்கே எல்லா டி.வி.யிலும் அதே பேச்சு. நேற்றுதான் வராது என்று ஆனது. கடையில் இருந்த அத்தனை டி.வி.யிலும் நம் ஊர் மேம்பாலத்தைக் காட்டினார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று, பாலத்துக்குக் கீழே நம் தெருவைத் தேடினேன். அந்த நேரத்தில் என் கையில் இருந்தது "இங்கே எல்லாம் நலம்" என்ற உன் ஒரு வரிதான்.

பஹீஜா டீச்சர் இங்கே வந்திருக்கிறாள். மகன் வீட்டுக்கு வந்தவள் என் அறைக்கும் வந்தாள். உன்னைப் பற்றிக் கேட்டேன். "உங்க அக்காவா? நல்லாத்தான் இருக்காங்க"ன்னு ஆரம்பித்தவள், நான் விடாமல் கேட்கவும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

இன்குபேட்டரை ஆஸ்பத்திரிக்காரர்கள் நவம்பரிலேயே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அதன் பிறகு ஒரு ரேடியோ கூட வரவில்லையாம். மேசையில் தூசி படிந்திருக்கிறதாம். ஆனால் மின்சாரம் வரும்போதெல்லாம் நீ அந்தப் பெட்டியைப் போட்டுவிட்டு, கறுப்புத் திரை முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறாயாம். "எதுக்கு இப்பிடி உக்காந்திருக்கீங்க?"ன்னு கேட்டதற்கு, "சாயங்காலத்துல அந்தப் பச்சைக் கோடு ஓடிட்டிருந்தா, அறையில யாரோ இருக்கற மாதிரி இருக்கும்"னு சொன்னாயாம்.

இதை அவள் சொன்னதும் என்னால் உட்காரவே முடியவில்லை. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

பொய் அலையை நினைத்துப் பார். ஸ்கோப் வாங்கிய புதிது. எக்ஸ்ரே மிஷினின் பவர் சப்ளையை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்கோப் பார்க்கும் வேகத்தை நீ குறைவாக வைத்திருந்தாய். திரையில் அழகாக, நிதானமாக ஒரு அலை போனது. "நல்லா இருக்குடீ, மூடிடலாம்"னு சொன்னாய். நான் சும்மா கொஞ்சம் வேகத்தைக் கூட்டினேன். பார்த்தால், உள்ளே அது பேய் பிடித்தது போல ஆடிக்கொண்டிருக்கிறது! ஸ்கோப் இடையிடையே கண்ணைத் திறந்து பார்க்கிற சாதனம். ஊஞ்சலில் ஆடுகிற பிள்ளையை, அது ஒரே இடத்துக்கு வரும்போது மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தால், பிள்ளை அசையாமல் நிற்பது போலத்தானே தெரியும்? அன்றைக்கு நாம் இரண்டு பேரும் எப்படிச் சிரித்தோம்! அதற்குப் "பொய் அலை" என்று பெயர் வைத்தது நீதான்.

நீ மாதத்துக்கு ஒரு தடவை கண்ணைத் திறக்கிறாய். நானும் அப்படித்தான். இரண்டு பேர் காகிதத்திலும் எல்லாம் நலம்.

அதனால் கார்டை அனுப்பிவிட்டேன். சோப்புக் கட்டிகளுக்கு நடுவில் இருக்கிறது, பார்த்துப் பிரி. இனி உன்னை வா என்று கூப்பிடமாட்டேன். உனக்குத் துணையாக இருந்ததையும் நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று தெரியாமல் போய்விட்டது, அக்கா. கோடாவது உன்னோடு இருக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். முதல் தடவை வந்தபோதே வீட்டுக்குள் ஏதோ கருகிய வாசனை அடித்தது என்று பஹீஜா சொல்கிறாள். பிரிண்டர் துளையில் செருகினாய்தானே?

லமியா

*

பாக்தாத்
10 ஏப்ரல் 1998

என் லமியாவுக்கு,

செருகினேன். போதுமா? நவம்பரில், மழை பெய்த ஒரு நாள். எரியும் என்று தெரிந்தேதான் செருகினேன். ஒருவேளை எரியாமல் இருந்துவிட்டால் என்கிற நப்பாசை. புஸ்ஸென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, பெட்டி செத்துப்போனது. பஹீஜா பார்த்தாளே, நான் சும்மா உட்கார்ந்திருந்ததை, அது செத்த பெட்டியின் முன்னால்தான். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இதை அவளிடம் கூடச் சொல்லவில்லை.

கார்டு வந்து சேர்ந்தது. அபூ முஹன்னத் வாசலில் நின்றுகொண்டு, "இந்தாங்கம்மா உங்க ரேடியோ எலும்பு. எல்லையில என்னன்னு கேட்டான். எங்க வீட்டம்மாவோட சீப்பு, தங்கப் பல்லு வெச்சதுன்னேன். அவன் நம்பிட்டான்" என்றார். அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அப்ப கதை முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். முகம் வாடிப்போயிருந்தது.

கார்டு வந்தும் பெட்டி உயிரோடு இல்லையே. திறந்து பார்த்தேன். கேபிள் வந்து சேரும் இடத்தில் ஒரு சில்லு கருகியிருந்தது. அதே மாதிரி சில்லு எதில் இருந்தது தெரியுமா? பிரிண்டரிலேயே. கழற்றிப் போட்டேன். பழி தீர்ந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பிற்பகல் மின்சாரம் வந்தபோது பஹீஜாவும் இருந்தாள். சுவிட்சைப் போட்டேன். கோடு வந்தது. லமியா, அந்தப் பச்சைக் கோடு வந்தது! நான் பைத்தியம் போலக் கையைத் தட்டினேன்.

பெட்டியிலிருந்து நீளும் கம்பியின், அந்தப் புரோபின், முனையை விரலால் தொட்டேன், நாம் செய்வோமே அப்படி. சுவரில் ஓடும் மின்சாரம் நம் உடம்பில் கொஞ்சம் ஏறி நிற்குமே, அது சின்ன அலையாகத் திரையில் வந்தது.

"என்ன இது?" என்றாள் பஹீஜா.

"நான்தான்."

"இவ்வளவுதானா நீங்க?"

"என் கையைப் புடிங்க, காட்டறேன்."

பிடித்தாள். அலை உயர்ந்தது. "ஐயோ, இப்ப நானும் அதுல இருக்கேனா?" என்று கேட்டாள். "விட்டுட்டு மறுபடி புடிக்கறேன், இருங்க" என்று விட்டாள், பிடித்தாள், விட்டாள், பிடித்தாள். டீச்சராக இருந்தவள், லமியா, வகுப்புப் பிள்ளை போலக் குதிக்கிறாள்.

நான் திரையில் இருக்கும் அளவுக் கோடுகளைப் பார்த்தேன். நீ கையைப் பிடித்தால் அலை எந்தக் கோட்டைத் தொடும் என்று எனக்கு மனப்பாடம். அதே கோட்டைத்தான் தொட்டது. கொஞ்சமாவது குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய், "ஷாக் அடிச்சிடுச்சா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். இத்தனை மாதம் இந்தக் கோட்டுக்காகத்தானே உன்னோடு சண்டை போட்டேன்! உன்னைத் திருடி என்றேன், கல் நெஞ்சுக்காரி என்றேன். இந்தக் கோட்டுக்கு யார் கையும் ஒன்றுதான். எனக்கு அப்படி இல்லை. நீ வேண்டும் எனக்கு.

பஹீஜா உன்னைப் பற்றியும் சொன்னாள். என்னிடம் மட்டும்தான் கொட்டுவாள் என்று நினைத்தாயா? உன் அறை மொட்டை மாடியில் இருக்கிறதாம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். குளிருக்கு மேல்கோட்டைக் கழற்றாமலேதான் தூங்குகிறாயாம். அந்த முதலாளி உன்னை ரிசீவர் பக்கமே விடுவதில்லையாம், ரிமோட்டைத் துடைத்து அடுக்க வைத்திருக்கிறானாம். எக்ஸ்ரே மிஷினைத் திறந்து மூடிய கை ரிமோட் துடைக்கிறதா? வந்ததும் முதலில் அந்த ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

ஆமாம், வருகிறேன். இன்குபேட்டர் முடியட்டும், அது முடியட்டும் என்று இனிச் சொல்ல ஒன்றும் இல்லை. விருந்தாளியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகிறேன், உனக்குத்தானே விருந்தாளி.

பெட்டியை எல்லை தாண்ட விடமாட்டார்கள். கார்டைக் கழற்றலாமா என்று மூடியில் கை வைத்தேன். மனசு வரவில்லை. அவை இரண்டுமாவது ஒன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டுச் சாவியைப் பஹீஜாவிடம் கொடுத்தேன். அவளுக்கு என்னை விட்டால் இங்கே பேச ஆள் இல்லை. மகன் வீட்டுக்கு அடிக்கடி போகிறாளே தவிர, இரண்டாம் நாளே எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டுவிடுகிறார்களாம். இதை எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவளிடம் சாவியை நீட்டினேன்.

"நீயும் கிளம்பிட்டியா?" என்றாள். முதல் தடவையாக நீ என்று கூப்பிட்டாள். சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு, "சரி, சுவிட்சு எதுன்னு காட்டிட்டுப் போ" என்றாள்.

காட்டினேன். தானே போட்டாள். தானே புரோபை எடுத்து விரலை வைத்தாள். திரையைப் பார்த்து, "இவ்வளவுதான் நான்" என்று சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மின்சாரம் போகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அபூ முஹன்னத்தின் காரில் முன் சீட்டு சொல்லியிருக்கிறேன். இதுவரை எழுதிய கடிதத்தை எல்லாம் திறந்தபடியே அனுப்பினேன். இந்த ஒன்றை மட்டும் ஒட்டிவிட்டேன், நானே எடுத்து வருகிறேன். வழியில் அவர் படித்துக் காட்டச் சொல்வார், மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். எல்லையில் பிரிக்கச் சொன்னால், என் தங்கச்சிக்கு எழுதியது, அவள் கையில்தான் கொடுப்பேன் என்பேன்.

கொடுத்ததும் பிரித்துவிடாதே. நான் எதிரில் இருக்கும்போது படிக்காதே, எனக்கு வெட்கமாக இருக்கும்.

அக்கா